கம்பியைப் பிடிக்காமல்

எங்கள் வீடு ஆறாவது மாடியில். தரையிலிருந்து வாசல்வரை 108 படிகள். 61-ஆவது படியின் விளிம்பு உடைந்திருக்கும். 90-க்கு மேல் விளக்கு எரியாது. இவ்வளவும் எனக்கு அத்துப்படி, ஏனென்றால் ஏழு வருஷம் லிஃப்டைத் தொடாமல் ஏறி இறங்கியிருக்கிறேன். யாராவது கேட்டால் "உடம்புக்கு நல்லதுங்க" என்பேன். அதை நம்பி இரண்டு பேர் தாங்களும் படியேறத் தொடங்கி, ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். என்னைப் பெரிய மன உறுதிக்காரி என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

உண்மைக் காரணம் வேறு. ஒரு வேலையாகப் போன கட்டடத்தில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. உள்ளே நான் மட்டும். 40 நிமிஷம். கதவைத் திறந்து வெளியே இழுத்தபோது என்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அன்று மாலை வீட்டுக்குப் படியேறிப் போனேன். மறுநாளும் அப்படியே. "இந்த ஒரு வாரம் மட்டும்" என்று சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

இதை மாற்ற வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. முழங்கால் வலித்தது, கனமான பையோடு ஏறும்போது மூச்சு வாங்கியது. அதெல்லாம் பழகிவிட்டது. ஒருநாள் கீழே, என் மகளை அவள் தோழி லிஃப்டுக்குள் நின்று கூப்பிட்டாள். இவளுக்கு அப்போது ஒன்பது வயது. தலையை ஆட்டி, "நாங்க லிஃப்ட்ல போக மாட்டோம்" என்றாள்.

என் பிழைப்பு பிழை திருத்துவது. பிறர் எழுதியதை வரிவரியாகப் படித்து, இடறும் சொல்லில் நிற்பது. அன்று 'நாங்க'வில் இடறினேன். 'நாம' இல்லை, 'நாங்க'. எதிரே நின்ற தோழியை வெளியே விட்டுவிட்டு, என்னையும் தன்னையும் ஒரு கட்சியாக்கிவிட்டாள். அவள் எந்த லிஃப்டிலும் மாட்டிக்கொண்டதில்லை. எனக்குக் கிடைத்த பயத்தை அவள் செலவில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு ஒரு பழைய நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். ஜோசஃப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1950-களில் பயத்தைப் படிப்படியாகக் கரைக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். பயங்களுக்கு 0-இலிருந்து 100 வரை மதிப்பெண் போடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். அதையே பின்பற்றினேன். திறந்த லிஃப்டின் முன்னால் சும்மா நிற்பது, 25. உள்ளே போய், கதவு மூடுமுன் வெளியே வருவது, 40. மகளோடு ஒரு மாடி, 55. தனியாக ஒரு மாடி, 75. தனியாக ஆறு மாடியும், 95. எழுத எழுதப் பேனா நிற்கவில்லை. ஊசி. உயரம். தெரியாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவது. லிஃப்ட் ஒன்றுதான் என் கோளாறு என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

மதிப்பெண் போடுவது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் 'பயமாக இருக்கிறது' என்பது ஒரே சுவர். 25, 40, 55 என்று எழுதினால் அதுவே படிக்கட்டாகிவிடுகிறது. படிக்கட்டுதான் எனக்குப் பழக்கம் ஆயிற்றே.

முதல் வேலை, 25. காலையில் கீழே இறங்கி (படியில்தான்), லிஃப்ட் பட்டனை அழுத்தி, கதவு திறந்ததும் பார்த்துக்கொண்டு நிற்பது. ஏழு வருஷமாக நான் அதன் உள்ளே சரியாகப் பார்த்ததே இல்லை. தரையில் ஓரம் சுருண்ட கறுப்பு ரப்பர் விரிப்பு. முகம் வரை மட்டும் தெரியும் கண்ணாடி. யாரோ சாவியால் கீறிய ஒரு இதயம், உள்ளே பெயர் இல்லை. எண்ணெயும் தூசியும் கலந்த வாசனை வந்தபோதுதான் உள்ளங்கை வியர்த்தது. கண்ணைவிட மூக்குக்கு ஞாபகசக்தி அதிகம் போல. உள்ளே இருந்த பெரியவர் கதவைக் கையால் தடுத்துப் பிடித்து, "வர்றியாம்மா?" என்றார். "இல்லீங்க ஐயா, சும்மா பார்க்கிறேன்" என்றேன். லிஃப்டைச் சும்மா பார்க்கிற பெண்மணியை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. மூன்றாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மூன்று வாரத்தில் தனியாக ஆறு மாடியும் ஏறிவிட்டேன். கணவரிடம் சொன்னேன், தங்கையிடம் சொன்னேன். நோட்டில் 95-ஐ அடித்து, பக்கத்தில் 30 என்று எழுதினேன். பெருமை தாங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கைபேசியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியதும்தான் கவனித்தேன். இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. இரண்டாவது மாடியிலேயே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 95-ஆ? 100.

அன்றைக்குத்தான் என் திருட்டு எனக்கே பிடிபட்டது. அந்த மூன்று வாரமும் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன், திரையில் கணவரின் எண் தயாராக. எப்போதும் அவசர பட்டன் பக்கம்தான் நிற்பேன். பையில் தண்ணீர் பாட்டில். உள்ளே ஓடும் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்திருப்பேன், அது ஏதோ லிஃப்டையே தாங்குவது போல. ஏறுமுன் யாராவது வருகிறார்களா என்று காலணியைச் சரிசெய்யும் சாக்கில் காத்திருப்பேன். ஒவ்வொரு முறை பத்திரமாக வந்து சேர்ந்தபோதும் என் மனசு கணக்கில் எழுதியது 'லிஃப்ட் ஆபத்தில்லை' என்று அல்ல. 'கைபேசி இருந்ததால் பிழைத்தாய்' என்று.

இதற்கு உளவியலில் 'பாதுகாப்பு நடத்தை' என்று பெயர். நான் ஊன்றுகோல் என்றே சொல்கிறேன். பயத்தை எதிர்கொள்கிறேன் என்று கிளம்புகிற பலர் இங்கேதான் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். பொருளை நெருங்கிவிடுகிறோம், பயத்தை நெருங்குவதில்லை. மேடையில் பேசுகிறவர் தாளை விட்டுத் தலை நிமிர்த்தாமல் படித்துவிட்டு இறங்குகிறார். விருந்துக்குப் போகிறவர் சமையலறையில் பாத்திரம் எடுத்துக் கொடுத்தே நேரத்தை ஓட்டுகிறார். போனதும் உண்மை, போகாததும் உண்மை.

ஜெர்மன் கவிஞர் கதே இதை எப்படியோ சரியாகப் பிடித்திருக்கிறார். 1770-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் சட்டம் படிக்கப் போனவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அந்த ஊர்ப் பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர். அதன் உச்சியில், கொண்டைக்குக் கீழே கால்மணி நேரம் உட்கார்ந்து தைரியம் திரட்டி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத ஒரு சின்ன மேடையில் போய் நிற்பாராம். தானாகவே, திரும்பத் திரும்ப, பயம் ஒரு பொருட்டாக இல்லாமல் போகும்வரை. பிற்பாடு இதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் பிடித்தது கோபுரம் இல்லை. பிடிக்க எதுவும் இல்லாத அந்த மேடை.

சரி, நோட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை கைபேசி வீட்டில், கை பக்கவாட்டில். இன்னொன்றும் சேர்த்தேன். ஏறுமுன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்பதை எழுதுவது. இறங்கியதும், என்ன நடந்தது என்பதை எழுதுவது. பயப்படுவதையே நேரில் எதிர்கொள்ளவைக்கும் எக்ஸ்போஷர் தெரபி என்ற சிகிச்சை பற்றிப் படித்தபோது கிடைத்த யோசனை இது. மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் சொல்வது, பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பாடம் பதிகிறது, அவ்வளவுதான். எதிர்பார்த்ததும் நடந்ததும் எவ்வளவுக்கு எவ்வளவு விலகி இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பாடம் ஆழமாகப் பதியும். ஆகவே எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், பிற்பாடு மாற்றிப் பேச முடியாதபடி.

முதல் பதிவு இப்படி இருக்கிறது. "காற்று தீர்ந்து மூச்சு முட்டும். நூற்றுக்கு 70. பயத்தில் கத்திவிடுவேன், 60. லிஃப்ட் அறுந்து விழும், 20." எழுதி முடித்ததும், வேலைப் பழக்கத்தில், பேனா தானாகவே முதல் வரியின் கீழே கோடு போட்டது. காற்று எப்படித் தீரும்? லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா இல்லை, இடைவெளிகள் உண்டு. நான் மாட்டிக்கொண்ட அந்த 40 நிமிஷமும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தேன், இல்லாவிட்டால் இதை எழுத மாட்டேன். வேறொருவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். ஏழு வருஷம் அது என் தலைக்குள் இருந்ததால் திருத்துவதற்கு வரவே இல்லை.

அறுந்து விழுவதைப் பற்றியும் தேடிப் படித்தேன். லிஃப்டுக்குப் பாதுகாப்புத் தடையை உருவாக்கிய எலிஷா ஓடிஸ் 1854-இல் நியூயார்க்கில் ஒரு பொருட்காட்சியில், கயிற்றால் மேலே தூக்கப்பட்ட ஒரு மேடைமேல் நின்றுகொண்டு, கூட்டம் பார்க்க, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி, பாதுகாப்புத் தடை பிடித்து நின்றது. இன்று கயிற்றில் ஓடும் லிஃப்டுகளில் பல கயிறுகள், மறுமுனையில் ஓர் எதிர் எடை. அந்த எடை காலிப் பெட்டியைவிடக் கனம். பெட்டியின் எடையோடு அது தாங்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்திருக்கும். அதனால் தனியாளாக நிற்கும்போது பிரேக் விட்டுப்போனால் பெட்டி மேலே போகத்தான் பார்க்கும். இதை மகளிடம் விளக்கினேன். "அப்போ நாம மேல விழுவோமாம்மா?" என்றாள். அவள் 'நாம' என்றதைக் கவனித்தேன், ஆனால் சொல்லவில்லை.

இத்தனை தெரிந்தும் பயம் அன்று ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்கிற அறை வேறு, பயப்படுகிற அறை வேறு. நடுவில் இருக்கும் கதவு உடம்பு போய் நின்றால்தான் திறக்கிறது. நாற்பது, ஐம்பது தடவை ஏறி இறங்கிய பிறகுதான், ஒருநாள் நான்காவது மாடியைக் கடக்கும்போது மாலை வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். அந்தக் கணத்தில் பயம் திரும்ப வந்தது, 'என்னை மறந்துவிட்டாயா' என்கிற மாதிரி. ஆறாவது மாடியில் கதவு திறந்தபோது சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மற்றப் பயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசிப் பயம் பத்து நாளில் பாதியானது. செய்தி அனுப்பினால் முடியும் வேலையை வேண்டுமென்றே கூப்பிட்டுப் பேசினேன், அவ்வளவுதான். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் பத்தொன்பது வயதில் நியூயார்க்கின் தாவரவியல் பூங்காவில் பெஞ்சில் தனியாக இருந்த பெண்களிடம் வலியப் போய்ப் பேசித் தன் கூச்சத்தைப் போக்கிக்கொண்டதாகச் சொல்வார். ஒரு மாதத்தில் 130 பேர், ஒரே ஒருவர் சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. பலர் இதை ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கோ அந்த பெஞ்சில் நிம்மதியாக உட்கார வந்த பெண்ணின் பக்கம்தான் மனம் போகிறது. நம் பயத்தைப் போக்க இன்னொருவரை உபகரணமாக்குவது சரியில்லை. தொலைபேசியில் நான் கூப்பிட்டதெல்லாம் உண்மையிலேயே வேலை இருந்தவர்களைத்தான்.

ஊசி விஷயம் தலைகீழ். ரத்தப் பரிசோதனை நாற்காலியில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறேன். இரண்டாம் முறை கண் விழித்தபோது, ரத்தம் எடுக்க வந்தவர் "குழந்தைங்க கூட அழாம கொடுக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. "மூச்சை இழுத்து விடுங்க, உடம்பைத் தளர்த்துங்க" என்று எல்லோரும் சொன்னதைத்தான் அப்போதெல்லாம் செய்துகொண்டிருந்தேன். இந்தப் பயத்துக்கு அது தவறான அறிவுரை. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்குகிறவர்களுக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழுந்துவிடும். தளர்த்தினால் இன்னும் விழும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களில் இதற்கு எதிர்வழியை வகுத்தார்கள். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கிப் பிடித்து, முகம் சூடாவது தெரிந்ததும் விட்டு, அரை நிமிஷம் கழித்து மறுபடி இறுக்குவது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாரம் பழகினேன். கணவர் பார்த்துவிட்டு "யார் மேல கோபம்?" என்று கேட்டார்.

போன மாதம் போனேன். ஊசி போடும் கையை மட்டும் தளர விட்டு, மற்றதையெல்லாம் இறுக்கிக்கொண்டேன். காதில் இரைச்சல் தொடங்கியது, ஓரங்கள் கறுத்தன, பிறகு மெல்ல வெளுத்தன. மயங்கவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் "ஆச்சு அக்கா" என்று பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார். சின்னக் குழாயில் என் ரத்தம், நினைத்ததைவிடக் கறுப்பாக. முதல் முறையாகப் பார்த்தேன்.

உயரத்தில் தோற்றேன். மகள் நீச்சல் கற்கும் குளத்தில் 5 மீட்டர் மேடை உண்டு. அங்கிருந்து தண்ணீர்வரை விழ ஒரு வினாடி, தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர். கணக்குப் பார்த்து வைத்துக்கொண்டு ஏறினேன். கீழேயிருந்து பார்த்தால் அது ஒரு பலகை. மேலே நின்று பார்த்தால், தண்ணீரின் மேல்பரப்பு மட்டுமல்ல, அதற்கும் கீழே குளத்தின் அடித்தளத்தில் போட்ட கோடுவரை கண் போகிறது, உயரம் இரண்டு மடங்காகிவிடுகிறது. இதை யாரும் சொல்லவில்லை. சொரசொரப்பான தரையில் கால்விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடித்துக்கொண்டன. எவ்வளவு நேரம் நின்றேனோ. பின்னால் ஒரு பையன், பத்து வயது இருக்கும், பற்கள் தந்தியடிக்கக் காத்திருந்தான். "ஆன்ட்டி, குதிக்கலைன்னா இறங்கலாம், தப்பில்ல, நானும் நாலு தடவ இறங்கியிருக்கேன்" என்று ஏணியில் ஒதுங்கி வழிவிட்டான்.

இறங்கினேன். ஏணியில் பின்பக்கமாக, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு, குளத்தில் இருந்த எல்லோரும் பார்க்க. நோட்டில் கணிப்பு என்று எழுதியிருந்தது "தண்ணீரில் மோதி அடிபடும், 50". அது சோதிக்கப்படவே இல்லை. ஆனால் கீழே வந்ததும் தெரிந்தது, நான் எழுதாமல் விட்ட பயம் ஒன்று இருந்தது. எல்லோர் முன்னாலும் பின்வாங்குவது. அதைத்தான் அன்று செய்து முடித்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மகள் துண்டை நீட்டி, "அடுத்த வாரம் 3 மீட்டர்ல நில்லும்மா" என்றாள். மூன்றில் குதித்தேன். ஐந்து இன்னும் அப்படியே இருக்கிறது.

ஐந்தில் குதித்தே தீர வேண்டுமா என்றும் யோசிக்கிறேன். தினம் ஒரு பயங்கரம் செய் என்கிற ஆரவாரம் எனக்குப் பிடிப்பதில்லை. மேடையில் குதிக்காததால் என் வாழ்க்கையில் எதுவும் நின்றுபோகவில்லை. ஊசிக்குப் பயந்ததில் மூன்று வருஷப் பரிசோதனை போயிற்று, லிஃப்டுக்குப் பயந்ததில் முழங்கால் போயிற்று. எது எதையாவது பறித்துக்கொண்டிருக்கிறதோ அதோடுதான் என் சண்டை. பெரிய காயத்திலிருந்து வந்த பயம், வீட்டைவிட்டே வெளியே வரவிடாத பயம் என்றால் என் மாதிரி நோட்டை வைத்துக்கொண்டு தனியாக இறங்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் வேண்டும்.

நடுவில் ஒரு சறுக்கல். இரண்டு மாதம் முன்னால் எங்கள் லிஃப்ட் மூன்றாவது மாடியருகே ஒரு குலுக்கல் குலுக்கி, நின்று, மறுபடி கிளம்பியது. நான்கைந்து வினாடி இருக்கும். மறுநாள் என் கால் தானாகவே படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு நாள் படிதான். எல்லாம் வீண் என்று வெறுத்துப்போனேன்.

அப்போதுதான் பீட்டரைப் பற்றிப் படித்தேன். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையில் வரும் குழந்தை. தொடங்கும்போது இரண்டு வயது பத்து மாதம். முயல், எலி, ரோமக் கோட்டு, பஞ்சு எதைக் கண்டாலும் அலறுவான். அவன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். முயலுக்குப் பயப்படாத வேறு குழந்தைகளையும் கூடவே விளையாட விட்டார்கள். நன்றாகத் தேறி வந்தான். இடையில் காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு பெரிய நாய் அவன்மேலும் தாதியின்மேலும் பாய்ந்தது. திரும்பவும் பழைய பயம் முழுதாக வந்துவிட்டது. ஜோன்ஸ் கூண்டை மறுபடி தூரத்தில் வைத்து ஆரம்பித்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தன் விரல்களைக் கொறிக்க விட்டான்.

பதின்மூன்றாம் நாள் நானும் கூண்டைத் தூரத்தில் வைத்தேன். மகளோடு ஒரு மாடி, 55. அவள் லிஃப்டில் கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டே வந்தாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலைப் பதிவு. "தனியாக, ஆறிலிருந்து தரைக்கு. கைபேசி இல்லை, கம்பியைப் பிடிக்கவில்லை. கணிப்பு: நடுவில் நிற்கும், 15. நடந்தது: நிற்கவில்லை. நான்காவது மாடியில் ஒருவர் இடுப்பளவு உயரமான நாயோடு ஏறினார். அது தரைவரை என் முழங்கையை முகர்ந்துகொண்டே வந்தது." நாய் பட்டியலில் இருக்கவில்லை. கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன், 65.